குச்சிக்கிழங்கு தேசத்தில் ஒரு மேட்டூர்க்காரி

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், எண்பது வயசுப் பாட்டியைப் பார்த்து, பதினைந்து பெண்கள் கூடியிருந்த சீட்டுக் கூட்டத்தில், "ஏய், நீ தின்னுட்டியா?" என்று கேட்டவள் நான். கேட்கும்போது எனக்கு அது தெரியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக "பாட்டி, சாப்பிட்டீங்களா" என்று கேட்பதாகத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது, "ம்பா, கொவே விஸ் மங்ஙான்?"

உதட்டுக்குப் போன தேநீர் கிளாஸ்கள் அப்படியே நின்றன. ஒருத்தி தலைத்துணியின் நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாட்டி மட்டும் அசரவில்லை. வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, "துருங்" என்றார். இன்னும் இல்லை என்று அர்த்தம். அதையும் நான் பேசிய அந்தத் தின்னுட்டியா பாஷையிலேயே சொன்னார். அப்புறம்தான் கூட்டம் வெடித்தது.

தப்பு என்னுடையதில்லை. என் வாத்தியாருக்கு வயசு ஆறு. பக்கத்து வீட்டுப் பையன், அந்தப் பாட்டியின் பேரன். ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாய்தான் சம்பளம். அவன் தன் சேக்காளிகளிடம் பேசுவதைத்தானே எனக்குச் சொல்லித்தருவான்? ஜாவானிய மொழியில் அதற்கு ஙொக்கோ என்று பெயர். பெரியவர்களிடம் பேசுவதற்கு க்ரமா என்று வேறு ஒரு மொழி இருக்கிறது.

நம்மூரில் நீ, நீங்க என்று மாற்றி, வினையின் வாலில் 'ங்க' ஒட்டினால் மரியாதை வந்துவிடும். இங்கே சொல்லே மாறுகிறது. சின்னப் பையன் சாப்பிட்டால் மங்ஙான். நான் சாப்பிட்டதைப் பெரியவரிடம் சொன்னால் நெதா. பெரியவர் சாப்பிட்டால் தஹார். வீடு என்றால் ஒமா, க்ரியா, தலெம் என்று மூன்று. தூங்குவதற்கும் மூன்று. சரி, எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் உயர்ந்த சொல்லையே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். அதுவும் ஆகாதாம். "நான் தஹார் ஆச்சு" என்று சொன்னால், "நான் அமுது செய்தருளினேன்" என்று சொன்ன மாதிரி. அதற்கும் ஒரு நாள் சிரித்தார்கள்.

இந்தோனேசிய மொழியில் பேசினால் தப்பித்துக்கொள்ளலாம். அதில் இந்த மாடிப்படி கிடையாது. 1928-ல் இளைஞர்கள் கூடி நாட்டுக்குப் பொதுமொழி வேண்டும் என்று உறுதியெடுத்தபோது, எண்ணிக்கையில் பெரிய ஜாவானியத்தை விட்டுவிட்டு, மலாயிலிருந்து வந்த மொழியை எடுத்தார்களே, அந்தப் புண்ணியவான்களை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டிக்கு இந்தோனேசியம் சந்தைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான். அவர் சிரிப்பதும் திட்டுவதும் ஜாவானியத்தில்தான்.

நாங்கள் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னால் பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியாது. மாவட்டம் வொனொகிரி. மத்திய ஜாவாவின் தென்கிழக்கு மூலை. சோலோ நகரத்துக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணம். மாவட்டத்தின் தெற்கு விளிம்பு இந்துமாக்கடலில் போய் முட்டுகிறது. பெயரை முதலில் பலகையில் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. 'அ' வருகிற பல இடங்களில் இவர்கள் 'ஒ' போடுவார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, பஸ்ஸில் உட்கார்ந்தபடி தானாகச் சிரித்தேன். வனகிரி! காடும் மலையும். அப்புறம் அதுவே ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. சுற்றிலும் கிரிவொயோ, கிரிமார்த்தோ, செலொகிரி. திர்தொமொயோ என்று ஓர் ஊர்; தீர்த்தம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சோலோவிலிருந்து வருகிற குட்டி ரயிலின் பெயர் பத்தாரா க்ரெஸ்னா, நம்ம கிருஷ்ண பகவான்தான். டிக்கெட் 4,000 ரூபியா. சோலோவின் பெரிய கடைவீதியில், காரோடும் பைக்கோடும் ஒட்டி உரசிக்கொண்டு ஊர்வலம் போல வரும் அந்த ரயில். ஓதுகிற பள்ளிவாசலைத் தாண்டிக் கிருஷ்ணன் ஹாரன் அடித்துக்கொண்டு போவதில் இங்கே யாருக்கும் வியப்பில்லை.

எங்க வீட்டுக்காரர் நூற்பாலையில் மெயின்டனன்ஸ். சோலோவைச் சுற்றி மில்கள் நிறைய. கோயம்புத்தூர், சேலம் பக்கத்து ஆட்கள் ரிங் ஃப்ரேம் என்கிற நூற்கும் இயந்திரத்தைத் தேடி எங்கே வேண்டுமானாலும் போவார்கள். இவர் இங்கே வந்தார். மில் கொடுத்த இடம் தனி ஆம்பளைகளுக்கானது. அங்கே குடும்பம் நடத்த முடியாது. உடன் வேலை செய்யும் ஃபிட்டரின் அண்ணன் வீடு, இந்த ஊரில் வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கிறது என்றார்கள். மில்லுக்கு ஒரு மணி நேரம் பைக் ஓட்ட வேண்டும். வாடகை குறைவு. ஒரே ஒரு நிபந்தனை: நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வரும்போது மூன்று ரூமை விட்டுத்தர வேண்டும். சரி என்றோம். ஒன்பது பேர் வருவார்கள் என்று அப்போது சொல்லவில்லை.

வந்த இரண்டாம் நாள் ஊரைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். முதல் வீட்டு வாசலில் இருந்த அம்மா, "மோங்கோ, பினாரக்!" என்றார். வாங்க, வந்து உட்காருங்க. அடடா, என்ன அன்பு! போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒரு நொடி திகைத்து, சுதாரித்துக்கொண்டு, மல்லிகை மணக்கும் தேநீர் கொண்டுவந்தார். பாகு மாதிரி தித்திப்பு. குடித்துவிட்டு வெளியே வந்தால் அடுத்த வீட்டிலும் "மோங்கோ, பினாரக்!" அங்கேயும் போனேன். நான்கு வீடு, நான்கு கிளாஸ். நான்காவது வீட்டில் ஒரு பெண்பிள்ளையைக் கொல்லைப்புற வழியாகக் கடைக்கு ஓடவிட்டு பிஸ்கட் வாங்கினார்கள். சாயந்திரம் ஃபிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. அது கூப்பிடுவது இல்லை, பார்த்தேன் என்று சொல்வது. "இங்கிஹ், மாத்துர் நுவுன்" என்று குனிந்து சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டுமாம். நம்மூரிலும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவர் "வாங்க சாப்பிடலாம்" என்பார்தான். ஆனால் அவர் சொல்கிற ராகத்திலேயே எது நிஜம், எது சும்மா என்று நமக்குத் தெரியும். அந்த ராகம் எனக்கு இங்கே பிடிபடவில்லை. இன்னும்தான்.

ஊர் முழுக்க எனக்கு 'பு இந்தியா' என்று பெயர். இந்தியா அம்மா. ஷாருக் கானைத் தெரியுமா என்று கேட்பார்கள். இந்தியில் ஒரு வரி பாடச் சொல்வார்கள். எனக்கு இந்தி தெரியாது என்றால் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டில் சர்க்கரையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. காரச் சட்னியில் தென்னை வெல்லம். கீரையில் சர்க்கரை. வறுத்த மீனின் மேல் கறுப்பாக, தேன் மாதிரி ஒழுகும் சோயா சாறு. இந்த ஊர் பச்சைமிளகாய்க் குழம்புக்கு 'ஜங்ஙான் லொம்பொக்' என்று பெயர். லொம்பொக் என்றால் மிளகாய். ஜங்ஙான் என்றால் ஜாவானியத்தில் குழம்பு, இந்தோனேசியத்தில் 'கூடாது'. நான் படித்தது இந்தோனேசியப் பாடப்புத்தகம். எதிர்வீட்டு அக்கா அடுப்படியைக் காட்டி "ஜங்ஙான் லொம்பொக்" என்றபோது, மிளகாய் போடாதே என்கிறார் என்று நினைத்து, என் குழம்பில் ஒரு வாரம் மிளகாயைக் குறைத்தேன். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். இப்போது சர்க்கரை பழகிவிட்டது. நிஜமாகவே பழகிவிட்டது. ஆனால் மழை பெய்கிற மத்தியானங்களில் அம்மா வைக்கிற கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அதுவும் அடுத்த நாள் சட்டியில் சுண்டவைத்தது, நாக்கின் அடியில் எங்கிருந்தோ ஊறும். இங்கே புளிக்கு ஆசெம் ஜாவா என்று பெயர். ஜாவாப் புளி! அதை வைத்துக்கொண்டு இவர்கள் மஞ்சளும் வெல்லமும் சேர்த்து ஜாமு என்கிற நாட்டு மருந்துப் பானம் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

வேலியோரம் முருங்கை பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வராத குறை. கேலோர் என்பார்கள். ஒரு மடி கீரை உருவிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்த இரண்டு பெண்கள் முகம் மாறி, "யார் போயிட்டாங்க?" என்று கேட்டார்கள். இங்கே சவத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் முருங்கை இலை போடுவார்களாம். ஏவல் வைப்பு எடுக்கவும் அதுதான். பொரியல் செய்து கொடுத்தேன். பாட்டி மட்டும் ஒரு வாய் வாங்கினார். முருங்கையில் பேய் இருக்கிறது என்று அம்மாவைப் பெத்த எங்க அம்மாயியும் சொல்லும், ஆனாலும் ஆட்டுக்குப் போட்டது போக மிச்சத்தைக் கடைந்து போடும் என்று பையன் மூலமாகச் சொன்னேன். பாட்டி தலையாட்டினார். பேயைப் பற்றி இரண்டு ஊருக்கும் கருத்து ஒன்றுதான்.

இந்தப் பாட்டியை எல்லாரும் சிம்பா என்பார்கள். நானும். உறவுமுறைச் சொற்களில் மட்டும் நான் ஒருநாளும் தடுமாறியதில்லை. புடெ என்றால் பெரியம்மா. பு கெடெ, பெரிய அம்மா, அப்படியே நம்ம சொல். பூலிக் என்றால் சின்னம்மா. பக்டெ பெரியப்பா, பக்லிக் சித்தப்பா. ஆன்ட்டி, அங்கிள் என்று எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாத ஊர். முதல்முதலாக ஒரு குழந்தை என்னை "பூலிக்" என்று கூப்பிட்டபோது, யாரோ சின்னம்மா என்று கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தேன்.

சிம்பாவுக்குத் தான் பிறந்த வருஷம் தெரியாது. கிழமை தெரியும்: செவ்வாய் க்ளிவொன். இங்கே ஏழு நாள் வாரத்தோடு கூட லெகி, பஹிங், பொன், வாகெ, க்ளிவொன் என்று ஐந்து நாள் வாரம் ஒன்றும் ஓடுகிறது. சந்தை கூடுவது அந்தக் கணக்கில். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதும் அந்தக் கணக்கில். முப்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை அவருக்குப் பிறந்தநாள் வந்துவிடுகிறது.

கோடையில், அதாவது ஆகஸ்ட், செப்டம்பரில், ஊரில் ஒரு வாசனை கிளம்பும். முதல் வருஷம் அந்த வாசனைதான் என்னை அடித்துப் போட்டது. காலையில் கதவைத் திறக்கிறேன், புளிப்பும் புழுக்கமும் சேர்ந்த, லேசாகப் பூசணம் பிடித்த மாவு வாசனை. ராசிபுரம் ரோட்டில் சேகோ பேக்டரிகளைத் தாண்டும்போது பஸ் ஜன்னலை மூடச் சொல்லி அம்மா கத்துமே, அந்த வாசனையின் தங்கச்சி. வெளியே வந்து பார்த்தால் ரோட்டோரம், ஓட்டுக் கூரை, மதில் என்று எங்கு பார்த்தாலும் தோலுரித்த குச்சிக்கிழங்கு வெள்ளை வெள்ளையாகக் காய்கிறது. காப்லெக் என்று பெயர். நம்ம சேலத்து ஆட்களுக்கு மரவள்ளி என்றால் ஏதோ பாடப்புத்தகச் சொல் மாதிரி இருக்கும். எங்களுக்கு அது குச்சிக்கிழங்குதான்.

ஜவ்வரிசி என்பது ஜாவா அரிசி என்று சின்ன வயசில் தாத்தா சொல்லியிருக்கிறார். கப்பலில் வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றுபோக, நம்ம சேலத்தில் கிழங்குமாவை உருட்டி ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். அந்த ஜாவாவுக்கே வந்து, ஜாவா அரிசி எங்கே என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் அரிசி மூட்டையைக் காட்டினார். போனில் படம் காட்டினேன். "ஓ, சாகு முத்தியாரா!" என்றார். முத்தியாரா என்றால் முத்து. ஆக, நாம் அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பதை, அவர்கள் நம்ம முத்தின் சாயலில் ஒரு பெயர் சொல்லி விற்கிறார்கள்.

சிம்பா காப்லெக்கில் செய்வது திவுல். அதை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காய்ந்த கிழங்கை உரலில் இடித்துச் சலித்த மாவு, பழுப்பாக இருக்கும். அகலமான மூங்கில் தட்டில், நம்ம முறம் வட்டமாக இருந்தால் எப்படியோ அப்படி, மாவைப் பரப்பி, விரல் நுனியால் தண்ணீர் தெளிப்பார். பிறகு தட்டைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவார். மாவு உருண்டு உருண்டு பொடிப்பொடியாக மணி கட்டும். பெரிய மணியை விரலால் உடைத்து, மறுபடி ஆட்டு. மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்யும், தோள் அசையாது. அப்புறம் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, குறுகிய வாயுள்ள செம்புப் பானையில் செருகி, விறகடுப்பில் ஆவி. பதம் பார்க்க மூடியைத் திறக்கும்போது புட்டுக்குடத்தைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். மேலே தேங்காய்த் துருவல், பக்கத்தில் அந்த ஜங்ஙான் லொம்பொக்.

அரிசி எட்டாத காலத்துச் சாப்பாடு அது. சின்ன வயசில் அரிசிச்சோறு பெருநாளைக்கு மட்டும் என்பார் சிம்பா. இப்போது ஜகார்த்தாவிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் திவுலைத் தேடிப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் போகிறார்கள். நம்மூரில் களி தின்றதை மறைத்தவர்களின் பிள்ளைகள் ராகி மால்ட் வாங்குகிற கதைதான். சிம்பாவுக்கு அதில் ஒரு நமட்டுச் சிரிப்பு உண்டு.

ஜகார்த்தா என்றதும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நாற்பதுக்குக் கீழே ஆளே கிடையாது, அல்லது பத்துக்கு மேலே கிடையாது. இரண்டும் ஒன்றுதான். பாட்டிகள், தாத்தாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் 'பொரோ' போய்விட்டார்கள். பிழைக்கப் போவதற்கு இங்கே சொல்லும் சொல் அது. ஜகார்த்தா தெருமுனைகளில் கோழி நூடுல்ஸ் வண்டியோ மாட்டிறைச்சி உருண்டை சூப் வண்டியோ நின்றால், தள்ளுகிறவர் வொனொகிரிக்காரராக இருப்பார். வண்டியிலேயே ஊர்ப் பெயரை எழுதியிருப்பார்கள். முதுகில் கூடை கட்டி, பாட்டில் பாட்டிலாக ஜாமு விற்கும் பெண்களும் இந்தப் பக்கந்தான். தினமும் மத்தியானத்துக்கு மேல் பஸ் பஸ்ஸாக மேற்கே கிளம்பும். என் வாத்தியாரின் அப்பா அம்மா இருப்பது ஜகார்த்தாவை ஒட்டிய பெகாசியில், நூடுல்ஸ் வண்டியோடு. ராத்திரி வீடியோ காலில் அம்மாவிடம் அவன் பேசும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்காருவான். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். நான் உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுவேன். என் அம்மாவுக்கு நான் கூப்பிடுவதும் அதே திண்ணையிலிருந்துதான்.

மொத்த ஊரும் வெளியூர் போய்விட்ட இடத்துக்கு, வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரே ஆள் நான்.

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாம் தலைகீழ். ஜகார்த்தா நம்பர் பிளேட் கார்கள் சந்தெல்லாம் அடைத்து நிற்கும். பூட்டியிருந்த டைல்ஸ் வீடுகளில் விளக்கு எரியும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒன்பது பேரோடு வந்து இறங்கினார். அவருடைய வீட்டில் அவரையே "மோங்கோ, பினாரக்" என்று நான் வரவேற்றேன். அவர் "இங்கிஹ், மாத்துர் நுவுன்" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நடையைக் கட்டப் பார்த்து, பிறகு நினைவு வந்து உள்ளே வந்தார். அன்று சிரித்த சிரிப்பில் ஒன்பது பேருக்கு ஒரு பாத்ரூம் என்கிற வருத்தம் கொஞ்சம் கரைந்தது. பெருநாள் காலையில் வரிசையாக மண்டியிட்டு, பெரியவர்களின் கையை நெற்றியில் ஒற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னிக்கக் கேட்டார்கள். மீசை வைத்த ஆம்பளைகள் சிம்பாவின் மடியில் தலைவைத்து அழுதார்கள். நானும் மண்டியிட்டேன். தின்னுட்டியா என்று கேட்டதற்கும் சேர்த்து.

வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே: "க்ரஸான், பு?" ஊர் பிடித்துவிட்டதா, மனசு ஒட்டிக்கொண்டதா என்று. ரஸ என்கிற நம்ம சொல் அதன் வயிற்றில் இருக்கிறது. "க்ரஸான்" என்று நானும் சொல்லிவிடுவேன். பொய்யில்லை. சீட்டு எடுத்துவிட்டேன், கல்யாண வீட்டுக்கு மொய் எழுதியிருக்கிறேன், யார் எவ்வளவு என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், நம்மூரைப் போலவே. மிளகாய்க் காம்பைப் போட்டு உறை ஊற்றித் தயிர் எடுக்கிறேன். ஆனாலும் காலையில் எழுந்ததும் போனில் நான் முதலில் பார்ப்பது மேட்டூர் எத்தனை அடி என்பதைத்தான். அங்கே எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மேட்டூர்க்காரர்களுக்கு அது நாடி பிடித்துப் பார்ப்பது போல. 120 என்றால் ஊரே நிமிர்ந்து நடக்கும்.

இங்கேயும் ஓர் அணை இருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் அதன் நீர்பரப்புதான். கஜா முங்குர். கஜம் நமக்குத் தெரியும். முங்குர் என்றால் முதுகு காட்டித் திரும்பி நிற்பது. யானை திரும்பி நிற்பது போல இருக்கிற மலையின் பெயர். பெங்காவான் சோலோ, ஜாவாவின் மிக நீளமான ஆறு, இந்தப் பக்கத்தில் பிறந்து வடக்கே போய், கிழக்கே திரும்பிக் கடலில் சேருகிறது. ஆதிகாலத்தில் அது தெற்கே பாய்ந்ததாம். தெற்கில் நிலம் மேலெழும்பி வழியை அடைக்க, ஆறு வந்த வழியே திரும்பிவிட்டது; பழைய படுகை இன்னும் காய்ந்த பள்ளத்தாக்காகக் கடல்வரை கிடக்கிறது. அந்த ஆற்றை 1976-லிருந்து மறித்துக் கட்டி, 1981 நவம்பரில் அப்போதைய அதிபர் சுஹார்த்தோ திறந்துவைத்தார். 51 கிராமங்கள் உள்ளே போயின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பகுதியினரை ஊர் ஊராகப் பெயர்த்து சுமத்ராவுக்கு அனுப்பினார்கள். பெடொல் டேசா என்பார்கள். செடியை வேரோடு பிடுங்குவது போல ஊரைப் பிடுங்குவது. சிம்பாவின் அண்ணன் குடும்பத்தோடு சித்தியுங் என்ற இடத்துக்குப் போனார். சிம்பாவும் புருஷனும் போகாமல் மேட்டுக்கு ஏறி இங்கே வந்தார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். "சித்திக்" என்றார். கொஞ்சம்.

எங்க அம்மாயியும் அப்படி மேட்டுக்கு ஏறியவள்தான். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தபோது அவளுக்குப் பத்துப் பதினொன்று இருக்கும். பண்ணவாடிப் பக்கம். நான் பள்ளிக்கூடம் படிக்கையில் ஒரு கோடை, நீர் இறங்கி இறங்கி, முதலில் சர்ச்சின் இரட்டைக் கோபுரம் தெரிந்தது, அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. ஊரே திருவிழா மாதிரி பார்க்கப் போனது. ஐஸ் வண்டிகூட வந்திருந்தது. எல்லாரும் நந்தியைப் பார்க்க, அம்மாயி மட்டும் சேறும் வெடிப்புமாகக் கிடந்த ஒரு வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மாயி பார்க்கிற என்று கேட்டேன். "எங்க மாட்டுக் கொட்டாய்டி" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தேன்.

போன அக்டோபரில் கஜா முங்குர் ரொம்ப இறங்கியது. இறங்கின இடமெல்லாம் உழுது கடலையும் சோளமும் போட்டிருந்தார்கள், பண்ணவாடியில் போடுவது போலவே. ஒரு நாள் விடியற்காலையில் சிம்பா வந்து, மூங்கில் பெட்டியில் திவுல் கட்டி வைத்திருக்கிறேன், வா என்றார். பையனும் வந்தான். வரப்புமேல் முக்கால் மணி நேரம் நடந்தோம். வழியில் பழைய ரயில்பாதைத் தடம் ஒன்றைக் காட்டினார். முன்பெல்லாம் சோலோவிலிருந்து வரும் ரயில் வொனொகிரியோடு முடிந்துவிடாது, தெற்கே பாதுரெத்னோ வரை போகும். 1978-ல் பாதை நின்றுபோனது. அந்த ரயிலில் கடலை மூட்டையோடு சந்தைக்குப் போயிருக்கிறாராம். டிக்கெட் எடுத்தீர்களா என்று பையன் கேட்டான். எடுக்கவில்லை.

சாய்ந்த நடுகற்கள் சில, கல்லறைகள். அவற்றைத் தாண்டும்போது உதடு அசைய ஓதினார். அப்புறம் வெடித்த சேற்றுத் தரையில் அங்குமிங்கும் நின்று, ஒரு வேர்க்கட்டையைப் பார்த்து, தூரத்து மலையைப் பார்த்து, நான்கு அடி இடப்பக்கம் நகர்ந்தார். செங்கல் வரி ஒன்று, முழங்கால் உயரம்கூட இல்லை, சேற்றிலிருந்து எட்டிப்பார்த்தது. இன்னொரு பக்கம் ஒரு படிக்கல். அவ்வளவுதான்.

படிக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஏறி நின்று திரும்பி, உடம்பைக் கொஞ்சம் வளைத்து, வலது கட்டைவிரலால் உள்ளே காட்டி, சிம்பா என்னிடம் சொன்னார்: "மோங்கோ, பினாரக்."

நிஜக் கூப்பாடா, சும்மாவா என்று ஒரு நொடி முழித்தேன். பிறகு செருப்பைக் கழற்றிப் படிக்கல் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிம்பா அவனை ஒன்று வைத்தார். எனக்கும் விழுந்தது, ஙொக்கோவில், அந்தத் தின்னுட்டியா பாஷையில்: நத்தை ஓடு காலைக் கிழித்துவிடும், போட்டுக்கொள். செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். செங்கல் வரிமேல் உட்கார்ந்தோம். பெட்டியைத் திறந்து, திவுலை வாழையிலைத் துண்டில் பிட்டு வைத்தபடி, அடுப்படி எந்தப் பக்கம், மாடு கட்டினது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை நானும் பார்த்தேன்.